வலிக்காத பாதம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லிச் சொல்லியே நம் முன்னோர் பாதத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்களோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. காலையில் எழுந்தவுடன் கண்ணாடியில் முகம் பார்க்கிறோம். தலைக்கு எண்ணெய், பின்னல், ரிப்பன் என்று கால் மணி நேரம் போகிறது. பாதத்தைப் பார்ப்பது எப்போது? முள் குத்தினால் பார்க்கிறோம். ஷூ கடித்தால் பார்க்கிறோம். மருதாணி இட்டுக்கொள்ளும் அன்று சற்று ஆசையாகவே பார்க்கிறோம். மற்ற நாட்களில் அது நம்மைச் சுமந்துகொண்டு தன் பாட்டுக்கு நடக்கிறது.

திருவண்ணாமலையில் வளரும் நாம் இப்படி இருக்கலாகாது. ஏனெனில் பாதத்திற்கு இவ்வளவு வேலை கொடுக்கும் ஊர் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஓர் எட்டு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாடவேளையில் வகுத்துப் பார்த்தோம். 20,000 எட்டுகள் வந்தன. ஆக, ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு பாதமும் 10,000 முறை தரையில் பதிந்து உடலின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. பௌர்ணமிதோறும் வெளியூர்களிலிருந்து வரும் திரளான மக்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே இந்தச் சுற்றை நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தின்போது மழையும் சேறும். சித்ரா பௌர்ணமியின்போது தார்ச்சாலையின் சூடு. எங்கள் வகுப்பில் கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர் என அனைவரும் இருக்கிறோம். குடும்பத்தோடு கிரிவலம் போகிறவர்களும் உண்டு. போகிறவர்களுக்கு வாசலில் நின்று தண்ணீர் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆகவே பாதம் என்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான பாடம்.

முதலில் பாதத்தின் அமைப்பைச் சிறிது காண்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து 52. முழு உடம்பிலும் இருப்பவை 206 எலும்புகள்தாம். எனவே உடம்பின் எலும்புகளில் கால் பங்கு காலிலேயே இருக்கிறது! (இந்தச் சிலேடையைக் கண்டுபிடித்த தோழி ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.) இந்த எலும்புகள் வில்போல் வளைந்து அமைந்திருப்பதால்தான் குதித்தாலும் ஓடினாலும் அதிர்ச்சி தலைக்கு ஏறுவதில்லை. உள்ளங்காலின் தோல் மிகத் தடித்தது. அங்கே வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் கிடையா. சாக்ஸ் ஏன் நாறுகிறது, குதிகால் ஏன் வெடிக்கிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை இதில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதத்தில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் பெயர் வலி. ஷூவில் சிறு கல் இருந்தால் அடுத்த அடி வைக்குமுன் நின்றுவிடுகிறோம். நெடுநேரம் நடந்து ஓரிடம் நொந்துபோனால், நாம் அறியாமலேயே அந்த இடத்தில் பாரம் விழாதபடி காலைச் சாய்த்து நடக்கிறோம். நொண்டுவதுகூட ஒரு வைத்தியமே. வலி வந்தால் நாம் சலித்துக்கொள்கிறோம். அது வராவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அதை எண்ணிப் பார்த்து உலகுக்குச் சொன்ன மருத்துவர் ஒருவர் நமக்கு அடுத்த ஊரான வேலூரில் இருந்தார். 1989-ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை நம் ஊரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். அந்த மருத்துவரின் பெயர் பால் பிராண்ட். 1914-இல் நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில், மறைப்பணியாற்ற வந்த ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்றே மக்கள் நம்பினார்கள். மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். சாவி திரும்பவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். இந்த மெலிந்த கைக்கு இவ்வளவு பலமா என்று வியந்தவர், தரையில் இரத்தம் சொட்டியிருப்பதைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை! அன்றிலிருந்து அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துப்பறியத் தொடங்கினார்கள். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியதால் ஒன்று. ஆணி குத்திய செருப்பிலேயே நாள் முழுதும் நடந்ததால் ஒன்று. இரவில் உறங்கியவர்கள் காலையில் எழும்போது சிலரது விரலில் ஒரு பகுதி காணாமற் போயிருந்தது. விழித்திருந்து காவல் காத்தபோது, எலிகள் வந்து கடிப்பது தெரியவந்தது. கடிபட்டவர்கள் விழிக்கவே இல்லை. அதன் பிறகு நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள் என்று படித்தபோது வகுப்பில் சிரித்தவர்கள், சிறிது நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

தொழுநோய்க் கிருமி செய்வது நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குவதே. விரல்களை இழக்கச் செய்தவை பெரும்பாலும் உணராமல் பட்ட காயங்களும் அவற்றில் ஏற்பட்ட சீழும்தாம். இதுவே அவர்கள் கண்ட உண்மை. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால், அந்தப் புண் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பாதத்தின் பாரத்தைப் பரவலாகத் தாங்கும் மெத்தென்ற ரப்பரைக் கொண்டு அங்கும் வேலூரிலும் செருப்புகள் செய்தார்கள். இன்றும் மருத்துவமனைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று கேட்டால் எடுத்துக்காட்டுவார்கள். நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1980-களில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. ஆயினும் மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சியை முழுதும் திருப்பித் தர மருந்தில்லை. அப்பாதத்தைக் கண்ணால்தான் காக்க வேண்டும்.

டாக்டர் பிராண்டுக்கே ஒரு சோதனை வந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஓர் இரவு நெடுந்தூரம் ரயிலில் வந்து இலண்டனில் இறங்கியவர், காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று அந்த இரவு முழுதும் கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் ஒரு நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்ததே காரணம். வலித்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறிய மனிதர் அவர்.

வேறொருவருக்கு அப்படி விடியவில்லை. பெல்ஜிய நாட்டுக் குருவான புனித தமியான், ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மொலோக்காய்த் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளுக்குப் பணியாற்ற 1873-இல் சென்றார். அதே ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1884 டிசம்பரில் தமியான் களைத்துப்போன தம் பாதத்தைச் சுடுநீரில் வைத்தார். தோல் கொப்புளித்ததைக் கண்ணால் கண்டார். ஆனால் சூடு தெரியவில்லை. தம் நோயை அவர் உறுதியாக அறிந்தது இப்படித்தான் என்பார்கள். 1889-இல் அவர் இறந்தார். 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்ட கதைதான். ஆயினும் சுடுநீர்ப் பாத்திரத்தை நாங்கள் கவனித்தது இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான்.

இவ்வளவும் தொழுநோயைப் பற்றியதாயிற்றே, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்குத்தான். டாக்டர் பிராண்ட் 1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபோது, அந்நாட்டுச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் வேலூரில் கண்ட அதே புண்களைக் கண்டார். ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரையும் கால் நரம்புகளைக் கெடுக்கிறது. முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின்மேல் நடப்பது போன்ற தோற்றம். பிறகு ஒன்றும் தெரிவதில்லை. கூடவே இரத்தக் குழாய்களும் சுருங்குவதால், பட்ட காயம் எளிதில் ஆறுவதும் இல்லை. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எங்கள் வகுப்பில் வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டபோது, கை தூக்காதவர்களை எண்ணுவதே எளிதாக இருந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் ஆயா வீட்டில் நடந்ததை, அவள் அனுமதியுடன் இங்கே எழுதுகிறோம். ஆயாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. பௌர்ணமி தவறினாலும் ஆயா தவறமாட்டார். சென்ற கோடையில் கிரிவலம் முடித்து வந்தவர் வழக்கம்போல் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் வீடு கூட்டும்போது தரையில் பழுப்பாகக் கறைகள் இருந்தன. குங்குமம் சிந்தியிருக்கும் என்று துடைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. தோழி காலைப் பிடித்துவிட உட்கார்ந்தபோதுதான் உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஒன்று புதைந்திருப்பதைக் கண்டாள். சுற்றிலும் கறுத்திருந்தது. “எனக்கு ஒண்ணும் வலிக்கலியே கண்ணு, என்னாத்துக்கு அழுவற?” என்று ஆயா கேட்டாராம். மருத்துவமனையில் ஒரு மாதத்திற்கு மேல் இருந்தார். இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் தப்பியது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். தோழி எங்களிடம் சொல்லி வருந்துவது விரல்களைப் பற்றி அல்ல. மூன்று நாளும் ஆயா வலிக்கவில்லை என்று சொன்னதை எல்லோரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டதைப் பற்றியே.

வீட்டில் பெரியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய எளிய முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் வகுத்தது. கருவி ஏதும் வேண்டாம். நம் ஆட்காட்டி விரல் போதும். பெரியவரைச் சாய்ந்து படுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வலக்காலின் பெருவிரல் நுனி, பின் சுண்டுவிரல் நுனி; அடுத்து இடக்காலின் பெருவிரல், சுண்டுவிரல்; கடைசியாக இரு கால்களின் நடுவிரல்கள். இந்த ஆறு இடங்களிலும் ஓரிரு விநாடி மிக மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கிச்சுக்கிச்சு மூட்டவோ கூடாது. தெரிந்தவுடன் “வலது”, “இடது” என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே இடத்தை மறுமுறை தொடக்கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்காகப் பெரிய நகரத்திற்குப் போக வேண்டியதில்லை. நம் அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்று ஒரு திட்டமே வகுத்து, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதிக்கச் செய்துள்ளது.

எல்லாம் தெரிகிறது என்றாலும் நாள்தோறும் பார்ப்பதை விடலாகாது. இரவு உறங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும். பாதத்தை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். நீரின் சூட்டைக் காலால் பார்க்கக்கூடாது. நம் முழங்கையால் பார்க்க வேண்டும் (தமியான் அடிகளாரின் பாத்திரம் நினைவிருக்கட்டும்). விரல் இடுக்குகளைத் தனித்தனியே பிரித்துத் துடைப்பதுதான் முக்கியம்; சேற்றுப்புண் அங்கேதான் குடியேறும். பின் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், இடுக்கு, நகக்கண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவப்பு, வீக்கம், கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், ஒரு பாதத்தில் மட்டும் மிகுந்த சூடு, இவற்றில் எது கண்டாலும் மறுநாளே காட்டிவிட வேண்டும். தேங்காய் எண்ணெயைக் குதிகாலிலும் உள்ளங்காலிலும் தடவலாம், இடுக்கில் தடவக்கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தைத் தோண்டினால் நகச்சுற்றுதான் மிஞ்சும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிக்கட்டை ஒட்டுவதும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகவே ஆகாது. அந்தக் கட்டில் உள்ள அமிலம் ஆணியோடு நில்லாமல் நல்ல சதையையும் அரித்துவிடும்.

வெறுங்காலோடு நடப்பது வீட்டுக்குள்ளும் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. வீட்டுக்குள் செருப்பா என்று நம் பாட்டிகள் கேட்பார்கள். அதற்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் சண்டையில்லை. குதிகாலில் வார் இல்லாத ரப்பர் செருப்பு மரத்துப்போன காலில் நில்லாது. கழன்று போனதும் தெரியாது. சிலர் செருப்பு ஒரு பக்கம் இருக்க வெறுங்காலோடே தெருக்கோடி வரை போய்விடுகிறார்கள். அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. கல் இருக்கும், தேளும் இருக்கும்.

எங்களைப் போன்ற மாணவியரின் பாதத்திற்குக் காவல்காரன் விழித்துத்தான் இருக்கிறான். ஆனாலும் அவனுக்கு வேலை கொடுப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். ஜூன் மாதம் வாங்கிய ஷூ மார்ச் மாதம் வரை வரவேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், கால் கேட்கிறதா? விரல் மடங்கினால் ஷூவைப் பெரிதாக்கும்படி கேட்டுவிடுவதே சரி. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போய் வாங்குவதே நல்லது. மழையில் நனைந்த சாக்ஸோடு ஏழு பாடவேளை உட்காரக்கூடாது. கழிப்பறைக்கும் மண்மேட்டுக்கும் வெறுங்காலோடு போனால் கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். அது குடலைச் சேர்ந்து அங்கே இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை வகுப்பாசிரியை பார்க்காதபோது பைக்குள் போடுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, எங்களுக்குள் பெரிய விவாதமாய் நடந்த ஒன்று. கிரிவலம் போகும் தாத்தா பாட்டியிடம் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா? வேண்டுதலில் நாம் தலையிடக்கூடாது என்று ஒரு சாரார். கால் போனபின் வேண்டுதலை எதைக்கொண்டு நிறைவேற்றுவது என்று மறுசாரார். அடுத்தவர் பக்தியைப் பழித்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டோம். ஆனால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெறுங்கால் நடை மற்றவர்களுக்குப் போன்றதல்ல என்பதை எடுத்துச் சொல்லலாம் அல்லவா? மற்றவர்கள் சுட்டால் நிழலுக்கு ஓடுகிறார்கள். இவர்கள் உள்ளங்கால் வெந்துகொண்டிருக்கும்போதே நிதானமாக நடக்கிறார்கள். கோடையில் சூடான தரையில் வெறுங்காலுடன் நடந்து தீப்புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளிகளை நம் நாட்டு மருத்துவர்கள் காண்கிறார்கள். மெத்தென்ற செருப்பணிந்து நடந்து, வழியிலுள்ள எட்டு லிங்கங்களின் சந்நிதிகளில் மட்டும் கழற்றிக் கும்பிடலாம். தார்ச்சாலை ஆறிய பின் புறப்படலாம். கூட்டமில்லாத நாளில் ஆட்டோவில் சுற்றி வருகிறவர்களும் நம் ஊரில் எத்தனையோ பேர். மேலே சொன்ன ஆயா இப்போது அப்படித்தான் போகிறார். ஆட்டோக்காரர் ஒவ்வொரு லிங்கத்திலும் நிறுத்தித் தருகிறாராம்.

கடைசியாக ஒரு சங்கடம். பெரியவர்கள் காலைக் காட்டமாட்டார்கள். பேத்தி தன் காலைத் தொட்டுப் பார்ப்பதா என்று சேலைக்குள் இழுத்துக்கொள்வார்கள். பெரிய வியாழனன்று நம் குருவானவர் பன்னிருவர் பாதங்களைக் கழுவும்போதும் அவர்கள் இப்படித்தான் கூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். எங்களில் சிலர் ஒரு வழி கண்டிருக்கிறோம். தேர்வு நாளில் காலில் விழுந்து ஆசி வாங்கும்போது எழுவதற்கு முன் ஒரு பார்வை. தைலம் தேய்க்கிறேன் என்று சொல்லி ஒரு பார்வை. தனியாக வாழும் பெரியவர்களுக்குப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. குனிந்து பார்க்க இடுப்பும் இடம் கொடாது. அவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியே உதவும். சுவரோரம் அதைத் தரையில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை அதற்கு நேரே நீட்டினால் உள்ளங்கால் முழுதும் தெரியும். கண் பார்வை மங்கியவர்களாக இருந்தால், அண்டை வீட்டுப் பிள்ளை யாராவது வாரம் இரண்டு மூன்று முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போகும்போது ஒரு டார்ச் விளக்கு எடுத்துப் போவது நல்லது.